600 பேருக்கு ஒரு மைக்

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? பயப்படாதீங்க. பி.காம். படிச்சவன் கணக்குதான், கூட்டல் பெருக்கலைத் தாண்டாது.

ஒரு உயர்நிலைப் பள்ளி. 600 பிள்ளைகள். தினமும் காலையில் பிரேயர். தமிழ்த்தாய் வாழ்த்து பாட, உறுதிமொழி சொல்ல, குறள் சொல்ல, செய்தி வாசிக்க, 'இன்றைய சிந்தனை' சொல்ல... குறைந்தது ஐந்து பேருக்கு இடம் உண்டு. வருஷத்துக்கு 200 நாள் பள்ளி என்று வைத்துக்கொண்டால் 1,000 வாய்ப்பு. ஆளுக்கு ஒரு தடவை கொடுத்தாலும் 400 மிச்சம். இப்போது நீங்கள் படித்த பள்ளியை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு எத்தனை தடவை மைக் கிடைத்தது? நான் கேட்ட பலரும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டுகிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பு வட்டாரத்தில் 90-களில் நான் படித்த பள்ளியிலும் (பெயர் வேண்டாம், இது எல்லாப் பள்ளிக்கும் பொருந்துகிற விஷயம்) இதே கதைதான். 1,000 வாய்ப்பையும் பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். கணீர் குரல் உள்ள பெண், ஒரு வாத்தியார் பிள்ளை, கோயில் தெருவிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறவன். மற்றவர்களுக்கும் வேலை இருந்தது, இல்லாமல் இல்லை. கொடிக்கம்பத்தைச் சுற்றித் தண்ணி தெளிப்பது, பெஞ்சு தூக்குவது, மைக் செட்டுக்கு வயர் இழுத்துக் கொடுப்பது. யாருக்கு எந்த வேலை என்று எந்த போர்டிலும் எழுதிப் போடவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஊரில் யார் எந்தத் தெரு என்று தெரிந்திருந்த மாதிரி.

பள்ளிக்கூட நினைவுகளை எழுதுகிறவர்கள் பிரேயரைப் பற்றி உருகி உருகி எழுதுவார்கள். வேப்ப மரம், பி.டி. சார் விசில், கொடியிலிருந்து உதிரும் பூ. எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் கவனித்துப் படித்தால், உருகுகிறவர் அநேகமாக அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருப்பார். வயர் இழுத்தவன் நினைவுக் குறிப்பு எழுதி நான் அதிகம் படித்ததில்லை.

சரி, மைக் கிடைத்தவர்களுக்காவது என்ன கிடைத்தது?

செய்தி வாசிப்பை எடுத்துக்கொள்வோம். டெல்லி ஆகாசவாணியின் சரோஜ் நாராயணஸ்வாமி (2022-ல் காலமானார்) குரல் அப்போது எல்லார் வீட்டிலும் கேட்கும். அவர் மாதிரியே வாசிப்பவர்தான் எங்கள் பள்ளியின் ஸ்டார். 1991-ல் வளைகுடாப் போர் நடந்தபோது பாக்தாத்தில் விழுந்த குண்டுகளைப் பற்றி வேப்ப மரத்தடியில் நின்று தினமும் கேட்டோம். அதே சமயம் திண்டுக்கல்லைச் சுற்றி இருக்கிற தோல் ஷாப்புகளின் கழிவு கிணற்றுத் தண்ணீரையே கெடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியை எங்கள் அசெம்பிளியில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. நான் பள்ளியை விட்டு வந்த பிறகு, 1996 ஆகஸ்ட் 28-ல் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கு என்றாலும், தீர்ப்பில் பெயர் சொல்லப்பட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாக்தாத் தெரிந்த எங்களுக்குப் பக்கத்துக் கிணறு தெரியவில்லை.

அடுத்து பேச்சுப் போட்டி. தமிழய்யா எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் செய்யும். ஆன்றோர், சான்றோர், நடுவர் என்று வரிசையாக வணக்கம் வைக்கவே ஒரு நிமிடம் ஓடிவிடும். தலைப்பு 'வரதட்சணைக் கொடுமை' என்றால் பன்னிரண்டு வயதுப் பையன் கையை உயர்த்தி சமுதாயத்தைச் சாடுவான். அவன் அக்கா கல்யாணத்துக்கு வீட்டில் எத்தனை பவுன் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சில் வராது. வந்தால் அதுதான் பேச்சு! பரிசு எவர்சில்வர் கிண்ணம். கைத்தட்டல். அடுத்த வருஷம் அதே பையன், அதே கை உயர்த்தல்.

உறுதிமொழி இன்னும் சுவாரஸ்யம். அதை எழுதியவர் பைடிமரி வெங்கட சுப்பாராவ். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்தபோது, 1962-ல் தெலுங்கில் எழுதினார். (கஜானாக்காரர் எழுதியது என்று தெரிந்ததும் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.) 1965-லிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் சொல்லப்படுகிறது. ரொம்ப காலம் பாடப் புத்தகங்களில் வாசகம் இருந்தது, அவர் பெயர் இல்லை. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான். கையை நீட்டிக்கொண்டு பத்து வருஷம் சொன்ன வாசகத்தை எழுதியது யார் என்று ஒரு பிள்ளைக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எந்த இடத்தில் கேட்பது? அசெம்பிளியில் கேள்விக்கு இடம் கிடையாதே.

வாயைத் திறக்காமல் நின்றாலும் ஆபத்துதான். 1985 ஜூலையில், கேரளத்தில் கோட்டயம் பக்கம், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதுதான் குற்றம். 1986 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது. காலை பிரேயர் விவகாரம் ஒன்று டெல்லி வரை போக வேண்டியிருந்தது!

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி 2024-ல் ஒன்று நடந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் சென்னை அரசுப் பள்ளிகளில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளரை மேடை ஏற்றினார்கள். ஊனத்தோடும் ஏழையாகவும் பிறப்பதெல்லாம் போன ஜென்மத்துப் பாவம் என்கிற மாதிரி அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். அங்கேயே எழுந்து ஆட்சேபித்தது பார்வை மாற்றுத்திறனாளியான ஒரு தமிழாசிரியர். வீடியோ பரவியது, பேச்சாளர் கைதானார், பள்ளி நிகழ்ச்சிகளுக்கு விதிமுறை வகுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. யாரை மேடையேற்றலாம் என்ற விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. அது தேவையான விவாதம்தான். ஆனால் என் கவனம் கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மேல் போனது. அத்தனை பேரும் மேடைக்கு முன்னால் கை கட்டி உட்கார்ந்து கேட்க மட்டுமே பழக்கப்பட்டவர்கள். அவர்கள் எழுந்து 'எப்படி சார் சொல்றீங்க?' என்று கேட்கவில்லை என்று குறை சொல்ல நமக்கு யோக்கியதை இருக்கிறதா?

பிள்ளைகளுக்குக் கேட்க வராது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே பள்ளியில் எனக்குச் சாட்சி இருக்கிறது.

சஞ்சாயிகா ஞாபகம் இருக்கா? சிறுசேமிப்புக்காகப் பள்ளிக்குள்ளேயே நடந்த மாணவர் வங்கி. நாலணா, எட்டணா போடலாம். கையடக்கமாக ஒரு பாஸ் புக். மேலாளரும் காசாளரும் மாணவர்களே, மேற்பார்வைக்கு மட்டும் ஒரு ஆசிரியர். எங்கள் காசாளன் மைக் பக்கமே போனதில்லை, கொஞ்சம் திக்குவாய் வேறு. மண் அள்ளுகிற கூட்டத்தில்தான் அவனைப் பார்க்கலாம். ஒரு நாள் பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து சாரைப் பார்த்தான். 'ச... சார், நாலணா உதைக்குது. நீங்க போட்ட கூட்டல்ல.' அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பக் கூட்டினார். திருத்திக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், யாரும் கை தட்டவில்லை. நான் காமர்ஸ் பக்கம் போனதற்கு அந்த நாலணாவும் ஒரு காரணம்.

அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்தது யார்? எந்தப் பேச்சுப் போட்டியும் இல்லை. கையில் பேரேடு இருந்தது, அதில் பிள்ளைகளின் காசு இருந்தது, பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் நிறையத் தொடங்கினார்கள். வானவில் மன்றம், வினாடி வினா, சினிமா திரையிடல், கலைத் திருவிழா. எங்கள் காலத்தோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், சந்தேகமே இல்லை. ஜெயித்தவர்களை வெளிநாடு வரை அழைத்துப் போனார்கள். சிக்கல் அந்த 'ஜெயித்தவர்கள்' என்ற வார்த்தையில்தான். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று கலைத் திருவிழாவில் வடிகட்டிக்கொண்டே போகும்போது மறுபடி அந்தப் பன்னிரண்டு பேர் மேலே போகிறார்கள், மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். மாநில அளவில் பரிசு வாங்கும் பள்ளியில்கூட, மைக்கைத் தொடாமலே பத்தாவது முடிக்கிற பிள்ளைகள் இருக்கலாம்.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு 2023-ல் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லி 2024 ஜூனில் பரிந்துரைத்தது. தெருவும் சாதியும் பெஞ்சைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக. அதே வரிசையை மைக்குக்கும் வைத்தால் என்ன? திக்குகிறவன் திக்கியே வாசிக்கட்டும். வாசிப்பது தன் ஊர்ச் செய்தியில் ஒன்றாவது இருக்கட்டும், தொட்டியில் தண்ணி வந்ததா, பஸ் நின்றதா என்று. யாராவது விருந்தினர் வந்தால் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம், வருகைப் பதிவேடு போதும். 600 பேர், நாளுக்கு ஐந்து பேர். ஜூனில் 'அ'-வில் ஆரம்பித்தால் அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் கடைசிப் பெயர் வந்துவிடும்.