சோழவந்தான் குரல்

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரயிலில் போனால் சோழவந்தான் வரும். வைகைக்கு அந்தப் பக்கம் தென்கரை. டி.ஆர்.மகாலிங்கத்தின் ஊர்.

நாடகத்தில் பழகிய குரல் அது. மைக் இருக்கோ இல்லையோ, தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கணும். கிட்டப்பா வழி. 'ஸ்ரீவள்ளி' (1945), 'நாம் இருவர்' (1947) என்று அந்தக் குரலை வைத்தே மேலே வந்தார்.

அப்புறம் மகன் சுகுமார் பெயரில் கம்பெனி. 'மச்சரேகை' (1950), 'மோகனசுந்தரம்' (1951), 'சின்னதுரை' (1952). கடைசிப் படத்துக்கு டைரக்‌ஷனும் அவரே. சொந்தப் படம் கையைச் சுட்டது.

'பாவம், விதி' என்று உச்சுக்கொட்டுவார்கள். பி.காம். படித்த எனக்கு அது போதவில்லை. 'சின்னதுரை' வந்த வருஷ தீபாவளிக்குத்தான் 'பராசக்தி'. பாட்டுக்காகப் போன ஜனம் வசனத்துக்குக் கை தட்ட ஆரம்பித்தது. தயாரிப்பாளர் மகாலிங்கமோ பாடகர் மகாலிங்கத்தையே நம்பிக் கடை விரித்தார். நட்டம் குரலில் இல்லை, கணக்கில்.

சாட்சி, 'மாலையிட்ட மங்கை' (1958). கண்ணதாசன் தயாரிப்பு, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. அதே குரல்தான். மெட்டு புதுசு, தமிழ் எளிசு. ஊரே பாடியது. முதல் போட்டவர் வேறொருவர் என்பதையும் கவனியுங்கள். (அந்தக் கவிஞரும் பிற்பாடு சொந்தப் படத்தில் கடனாளி ஆனது தனிக் கதை.)

நடிகராக அவர் கொஞ்சம் விறைப்புதான். ஆனால் 'திருவிளையாடல்' (1965) பாணபத்திரரைப் பாருங்கள். பாண்டியன் சபைக்கு ஹேமநாத பாகவதர் வந்துவிட்டார், போட்டியில் தோற்றால் மானம் போச்சு என்று மதுரைக் கோயிலில் சொக்கநாதரிடம் போய் நிற்கிறார். அந்த இடத்தில் நடிக்கிற மாதிரியே தெரியவில்லை.