பயிற்சி விமான மாதிரிகள்: மரபுகளும் தரங்களும்

ஒரு விமானத்தின் எல்லாப் பரிமாணங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது அளவு மாதிரி. விகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எந்த விமானம், எந்த ஆண்டில், எந்த வண்ணத்தில் நின்றது என்ற கேள்விக்கும் மாதிரி விடை சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் பொம்மைதான்.

சண்டை விமானங்களுக்கு மாதிரி செய்வோர் உலகெங்கும் ஏராளம். பயிற்சி விமானத்தை நாடுவோர் குறைவு. மைசூர் மண்ணிலோ விமானக் கதை பயிற்சி விமானத்தில்தான் தொடங்குகிறது. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு நிலமும் 25 லட்சம் ரூபாய் முதலும் தந்தது மைசூர் சமஸ்தானம். அங்கே 1941இல் முதலில் பூட்டிப் பறக்கவிட்டது அமெரிக்க வடிவமைப்பான ஹார்லோ பிசி-5 பயிற்சி விமானம். பத்தாண்டு கழித்து, 1951 ஆகஸ்டில், வி.எம். காட்கே குழு வடிவமைத்த ஹெச்டி-2 வானேறியது. டைகர் மாத் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் இடத்தைப் பிடித்து, விமானப்படையின் பல தலைமுறை மாணவர்களுக்கு அதுவே முதல் விமானம் ஆயிற்று.

மாதிரிக் கலையில் மூத்தது மரம் செதுக்கும் மரபு. பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் கட்டையில் வரைந்து, அறுத்து, அட்டை வார்ப்புருவை வைத்துச் சரிபார்த்தபடி இழைப்பது இதன் முறை. 1930களில் பிரிட்டனின் ஸ்கைபேர்ட்ஸ் மரத் தொகுப்புகள் 1/72 விகிதத்தைப் பரப்பின. ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்பதால் கணக்கு எளிது; ஆறடி ஆள் ஓர் அங்குலம் நிற்பான். இரண்டாம் உலகப் போரில், எதிரி விமானத்தை அடையாளம் காணும் பயிற்சிக்காக அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் இதே விகிதத்தில் மாதிரிகளைச் செதுக்கிக் கொடுத்தார்கள். அந்த மாதிரிகளில் புறவடிவமே எல்லாம். உள்ளறை, ஆணி, எழுத்து எதுவும் கிடையாது. புறவடிவத்தைக் கண்ணால் பிடிக்கும் பழக்கத்தை இந்த மரபைப்போல் வேறெதுவும் கற்றுத்தருவதில்லை.

அடுத்தது பிளாஸ்டிக் பெட்டி மரபு. ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் 1950களில் பாலிஸ்டைரீன் பாகங்களை அச்சில் வார்த்து மலிவாக விற்கத் தொடங்கியதும், செதுக்குவோர் ஒட்டுவோர் ஆனார்கள். டைகர் மாத் செய்ய விரும்புபவருக்குப் பெட்டி கிடைக்கிறது. ஆனால் அச்சுக்கு வரம்பு உண்டு. இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிமனாக வார்க்கப்பட்டால், 1/72இல் அது அசலில் 36 மில்லிமீட்டர் பலகைக்குச் சமம். அதை உள்பக்கம் தேய்த்து மெலிவாக்குவதே இந்த மரபினரின் முதல் வேலை. இரட்டை இறக்கைகளுக்கு இடையே ஓடும் கம்பிகளுக்கு, பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடரில் இளக்கி மயிரிழையாக இழுத்துக்கொள்வார்கள்.

பெரிய நிறுவனங்களின் பெட்டியில் ஹெச்டி-2 வராததால், அதைச் செய்பவர் மூன்றாம் மரபுக்கு வந்தாக வேண்டும்: வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து எல்லாவற்றையும் தானே ஆக்குவது. அசலின் இறக்கை அகலம் 10.72 மீட்டர், நீளம் 7.53 மீட்டர். 1/72இல் இவை 149, 105 மில்லிமீட்டர். 1/48இல் 223, 157 மில்லிமீட்டர். பெரிய விகிதமே இங்கே நல்லது. காரணம், பயிற்சி விமானத்தில் எல்லாம் இரண்டிரண்டு: முன்னும் பின்னுமாக இரு இருக்கை, இரு கட்டுப்பாட்டுத் தண்டு, இரு கருவிப் பலகை. நீண்ட கண்ணாடிக் கூரைக்கு அடியில் இத்தனையும் பார்ப்பவர் கண்ணில் படும். அந்தக் கூரையை, மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் சூடாக்கிய தெளிந்த தகட்டை இழுத்து வார்க்க வேண்டும். அச்சில் ஒரு கீறல் இருந்தாலும் கண்ணாடியில் தெரியும். மூக்கும் கவனத்துக்குரியது. உற்பத்தி விமானங்களில் முதலில் இருந்தது தலைகீழாக நான்கு சிலிண்டர் வரிசையாக அமைந்த சிர்ரஸ் மேஜர். பிற்காலத்தில் வந்த லைக்கமிங் கிடைமட்ட எஞ்சின். இரண்டுக்கும் ஒரே மூக்கைப் பொருத்தினால் மாதிரி எந்த ஆண்டுக்கும் உரியதாகாது.

பறக்கும் மாதிரிகள் தனி மரபு. பால்சா மரச் சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காக ஹெச்டி-2 செய்தால் இறக்கை இரண்டு மீட்டரைத் தாண்டும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களில் பலர் இந்தக் கலைக்குள் நுழைவது அங்கே நடக்கும் ஏரோமாடலிங் பயிற்சி வழியாகத்தான்.

தரம் எது என்பதில் மரபுகள் ஒத்துப்போவதில்லை. 1963இல் பிரிட்டனில் தொடங்கிய சர்வதேச பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கத்தின் வழிவந்த போட்டிகளில் கைத்திறனுக்கே முதலிடம்: ஒட்டு தெரியக் கூடாது, இறக்கைகள் இருபுறமும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும், பசைக்கறை கூடாது. சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பின் அளவு மாதிரிப் போட்டியில் நடுவர்கள் வரைபடத்தையும் புகைப்படத்தையும் கேட்டு வாங்கி, மாதிரியைச் சற்றுத் தள்ளி நின்று ஒப்பிடுகிறார்கள்; பிறகு பறத்தலுக்கும் மதிப்பெண் உண்டு. கைத்திறன் பழகப் பழக வரும். வரைபடம், புகைப்படம் போன்ற சான்று தேடினால்தான் கிடைக்கும் என்பதால், சான்றோடு ஒப்பிடும் தரமே கடினமானது.

சான்றில் சறுக்குவது பெரும்பாலும் வண்ணத்தில். இந்திய விமானப்படை 1948 முதல் 1950 ஜனவரி வரை நீல அசோகச் சக்கரத்தை அடையாளமாகக் கொண்டிருந்தது; அதன்பின் காவி வெளிவட்டமும் வெள்ளையும் நடுவில் பச்சையும் வந்தன. 1949ஆம் ஆண்டு டைகர் மாத்தில் மூவண்ண வட்டம் ஒட்டுவதும், ஹெச்டி-2வில் சக்கரம் ஒட்டுவதும் ஒரே பிழையின் இரு பக்கம். அருங்காட்சியக விமானம் புதுப்பூச்சு கண்டதாக இருக்கலாம். அது வடிவத்துக்குச் சான்று. வண்ணத்துக்கு அந்தந்த ஆண்டின் புகைப்படமே சான்று.

பெங்களூரு ஹெச்ஏஎல் அருங்காட்சியகத்தில் ஹெச்டி-2 நிற்கிறது. மாதிரியாளர்களும் மாணவர் படை ஆசிரியர்களும் அனுமதி பெற்று அதை அங்குலம் அங்குலமாக அளந்து, படமெடுத்து, நம்பத்தகுந்த வரைபடம் ஒன்றை வெளியிட முன்வர வேண்டும்.