எஸ்95, எல்எக்ஸ்3: யாழ்ப்பாண வெளிச்சத்தில் இரு சிறு கமராக்கள்

கனன் நிறுவனத்தின் பவர்ஷொட் எஸ்95 வெளிவந்தது 2010 ஓகஸ்ட்டில். பனசோனிக்கின் லூமிக்ஸ் எல்எக்ஸ்3 அதற்கு இரண்டு வருடம் மூத்தது; 2008 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இரண்டும் 10 மெகாபிக்ஸல். இரண்டிலும் இருப்பது சீசீடி வகைச் சென்சர். இரண்டின் லென்சும் அகலமுனையில் எஃப் 2 வரை திறக்கும். பின்புறத் திரை இரண்டிலும் 3 அங்குலம். றோ கோப்பையும் இரண்டும் தரும். விபரப் பட்டியலை மட்டும் வாசிப்பவர் விலையைக் கேட்டு மலிவானதை வாங்கிக்கொண்டு போய்விடலாம். கையில் எடுத்து நாலு நாள் திரிந்தவருக்குத்தான் இவை வெவ்வேறு சாதி என்பது விளங்கும். எஸ்95 ஐச் செய்தவர்கள் முதலில் சேட்டுப் பொக்கற்றை அளந்திருக்கிறார்கள். எல்எக்ஸ்3 ஐச் செய்தவர்கள் லென்சை முடித்துவிட்டு, அதற்குப் பின்னால் எவ்வளவு பெட்டி தேவையோ அவ்வளவையும் ஒட்டியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தலைமுறைக் கமராக்களுக்குத் தனி இடம் உண்டு. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும், 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்ட ஏ9 வீதி, 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பிறகே மறுபடி திறந்தது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்தவர்கள் ஊரைப் பார்க்க வந்து குவிந்த காலமும், இத்தகைய கமராக்கள் கடைக்கு வந்த காலமும் ஒன்றாகிப் போயின. கைத்தொலைபேசியில் அப்போது உருப்படியான கமரா இல்லை. பெரிய கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டால் சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே கூரை போன வீடு, பூட்டிக் கிடந்த வளவு, திருவிழா, கலியாணவீடு எல்லாம் கைக்குள் அடங்கும் கமராக்களிலேயே ஏறின. போகும்போது மருமகனிடம் கொடுத்துவிட்டுப் போன கமராக்களும் பல. அவை இன்னும் அலுமாரிகளில் கிடக்கின்றன.

இரண்டையும் நல்ல கமராவாக்கியது ஓர் அடக்கம். 2008 இல் பிக்ஸல் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதே வியாபாரமாக இருந்தது. கனனின் ஜீ10 கமரா 14.7 மெகாபிக்ஸலுக்குப் போயிருந்தது. அதே வருடம் எல்எக்ஸ்3 பத்தோடு நின்றது. அடுத்த வருடம் கனனும் ஜீ11 இல் பத்துக்கு இறங்கிவந்தது. அந்தச் சென்சரையே எஸ்90 என்ற சிறிய உடலுக்குள் வைத்து, அதைத் திருத்தி எஸ்95 ஆக்கியது. எஸ்95 இன் சென்சர் ஏறத்தாழ 7.4 க்கு 5.6 மில்லிமீற்றர். 35 மி.மீ. பிலிம் சட்டகத்தோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குதான். எல்எக்ஸ்3 இனுடையது அதைவிடச் சற்றே பெரிது. இவ்வளவு சிறிய இடத்தில் 14 மில்லியன் புள்ளிகளைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறைந்து, மங்கலில் படம் மணல் தூவியது போலாகும். பத்தோடு நின்றதால் இரண்டிலும் ஐஎஸ்ஓ 400 வரை நிம்மதியாகவும் 800 வரை பொறுத்துக்கொண்டும் எடுக்கலாம். அதற்கு மேலுள்ள இலக்கங்கள் விளம்பரத்துக்கானவை.

சீசீடி பற்றி ஒரு வார்த்தை. அண்மைக் காலமாக இளையவர்கள் பழைய சிறு கமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். சீசீடிக்கென்று ஒரு மாய நிறம் உண்டு என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து பரவியிருக்கிறது. இந்த இரண்டு கமராக்களையும் பக்கத்தில் வைத்தாலே அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். இரண்டும் சீசீடி, நிறமோ ஒன்றல்ல. கனன் மாநிறத் தோலை இளஞ்சூட்டோடு தரும். வெயிலில் நின்ற முகமும் களைத்துத் தெரியாது. பனசோனிக் அதே முகத்தில் மஞ்சளையோ பச்சையையோ ஒரு சொட்டுக் கலந்துவிடும். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணையும் வெங்காயத்தாளின் பச்சையையும் அது பிரித்துக் காட்டும் சுத்தம் கனனுக்கு வராது. நிறத்தைத் தீர்மானிப்பது சென்சரின் முன்னுள்ள வடிகட்டியும் உள்ளே கணக்குப் போடும் சில்லும் அதைத் திட்டமிட்டவரின் ரசனையும்தான்.

எஸ்95 பற்றரியோடு 195 கிராம் அளவு. தடிப்பு 3 சென்ரிமீற்றர். நிறுத்தினால் லென்ஸ் முற்றாக உள்ளே போய், தகட்டு மூடி தானாகச் சாத்திக்கொள்ளும். எஸ்90 இன் வழுவழுப்பான உடல் வியர்த்த கையில் வழுக்கும். பின்புறச் சுழல்சில்லு தொட்டாலே சுற்றி அமைப்பை மாற்றிவிடும். எஸ்95 இல் மேற்பரப்பு சொரசொரப்பானது, சில்லு இறுகியது. இந்தக் கமராவின் அழகு லென்சைச் சுற்றியுள்ள வளையம். திருப்பத் திருப்ப ஒவ்வொரு படியும் விரலுக்குத் தெரியும்படி சொடுக்கும். ஒளித்துளை, ஐஎஸ்ஓ, வெளிச்ச ஈடு என எதையும் அதற்கு ஒதுக்கலாம். சூமை ஒதுக்கினால் 28, 35, 50, 85, 105 என்று பழைய லென்ஸ் அளவுகளில் தாவி நிற்கும். நினைத்த இடத்தில் ஒருபோதும் நிற்காத சூம் நெம்புகோலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்எக்ஸ்3 ஐ அப்படிப் பொக்கற்றில் போட முடியாது. பற்றரியோடு 265 கிராம். லென்ஸ் உள்ளே போன பின்னும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். மூடி தனியே நூலில் தொங்கும். கழற்ற மறந்து கமராவை முடுக்கினால் மூடியைக் கழற்றச் சொல்லித் திரையில் செய்தி வரும். காட்சி கைதவறிப் போக இது போதும். இத்தனை வில்லங்கத்துக்கும் ஈடாகக் கிடைப்பது லைக்காவின் பெயரில் வந்த 24–60 மி.மீ. வேரியோ-சுமிக்ரோன் லென்ஸ். இதே கமராவை லைக்கா டீ-லக்ஸ் 4 என்ற பெயரில் கூடிய விலைக்கு விற்றதும் உண்டு. சிவப்புப் பொட்டுக்குக் காசு கொடுக்க விரும்பியவர்கள் கொடுத்தார்கள்.

அந்த 24 மி.மீ. என்ன செய்யும் என்பதை ஓர் ஒழுங்கைக்குள் போனால் பார்க்கலாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மோட்டார்வண்டி ஒன்று வந்தால் சைக்கிள் வேலியோடு ஒட்ட வேண்டும். இருபுறமும் கிடுகு வேலி, இல்லையென்றால் தகரமோ புது மதிலோ. மேலே முருங்கையோ பூவரசோ சாய்ந்திருக்கும். 28 மி.மீ. இல் மூலைக்கு மூலை 75 பாகை தெரியும். 24 இல் 84 பாகை. ஒன்பது பாகைதான், ஆனால் எஸ்95 இல் ஒரு பக்க வேலியும் பாதையும் அகப்படும் இடத்தில் எல்எக்ஸ்3 இல் இரு பக்க வேலியும் அகப்படும். படலை திறந்திருக்கும் வீடாயின் முற்றத்துத் துளசிமாடமும் சேரும். எஸ்95 ஐ வைத்திருப்பவர் பின்னால் நகர வேண்டும். பின்னால் இருப்பது அடுத்த வீட்டு மதில்.

ஒழுங்கையில் சிறு சென்சரின் இன்னொரு குணமும் கைகொடுக்கும். எல்எக்ஸ்3 இன் அகலமுனையில் 24 என்பது 35 மி.மீ. பிலிம் கணக்கு; உண்மையான குவியத்தூரம் 5.1 மி.மீ. மட்டுமே. எஃப் 4 இல் வைத்து ஒன்றரை மீற்றரில் குவியத்தைப் பூட்டிவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கிடுகின் பின்னலிலிருந்து கடைசிப் பனை வரை எல்லாம் துல்லியமாக இருக்கும். லென்ஸ் குழாயின் பக்கத்திலேயே குவிய முறைக்கான ஆளி இருப்பதால் மெனுவுக்குள் இறங்க வேண்டியதில்லை. துளையை எஃப் 8 வரை சுருக்குவதில் பயனில்லை. இத்தனை சிறிய துளையில் ஒளி விலகிப் பரந்து படத்தின் கூர்மை கெடும். எஸ்95 க்கும் இதே விதிதான்.

குழாயின் மேலே இன்னோர் ஆளி உண்டு: 4:3, 3:2, 16:9. மற்றக் கமராக்கள் 16:9 கேட்டால் 4:3 படத்தின் மேலையும் கீழையும் வெட்டித் தரும். எஸ்95 உம் அப்படித்தான். எல்எக்ஸ்3 இன் சென்சர் லென்சின் ஒளிவட்டத்தைவிட அகலமாகச் செய்யப்பட்டது. எந்த விகிதத்துக்குப் போனாலும் மூலைவிட்டக் கோணம் மாறாது, 16:9 இல் படம் மெய்யாகவே அகலும். மலையும் ஆறும் இல்லாத குடாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி கிடையாது. பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் தெரிவதெல்லாம் கிடைக்கோடுகள்: கடலேரி, அதன் மேல் களங்கண்டி வலையின் தடிகள், தொலைவில் தீவின் மெல்லிய கோடு, பிறகு வானம். 4:3 இல் அதை எடுத்தால் பாதிப்படம் வெறும் வானமாகிவிடும்.

மனிதர்களை எடுக்கும்போது நிலைமை மாறும். நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில், உள்ளே படம் பிடிக்க இடமில்லை, கமராவுக்குரியது வெளிவீதி. இருபத்துநாலாம் நாள் காலைத் தேரில் சனத்துக்குள் அசைய முடியாது. எல்எக்ஸ்3 இன் 60 மி.மீ. அங்கே கட்டை. எஸ்95 இல் வளையத்தை 85 க்குத் திருப்பினால், வடம் பிடிப்பவர்களில் ஒருவரின் முகம் மட்டும் சட்டகத்துக்குள் வரும். வெற்று மேல், வெள்ளை வேட்டி, நெற்றியிலும் மார்பிலும் திருநீறு, எட்டு மணிக்கே உறைக்கும் வெயில். கமரா தன்பாட்டுக்கு எடுத்தால் கருமையான தோலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும்; திருநீற்றின் மூன்று குறியும் ஒரே வெள்ளைப் பூச்சாகிவிடும். ஈட்டை மூன்றில் இரண்டு படி குறைத்து எடுத்தால் மூன்று கோடும், விரல் இழுத்த தடமும், வியர்வை வழிந்து கரைத்த இடமும் தனித்தனியே தெரியும். கன்னத்து நிழல் சற்று இருண்டு போகும். றோ கோப்பாயின் அதைப் பிறகு மீட்கலாம். வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. இரண்டு கமராக்களுக்கும் இந்தப் பலவீனம் பொது.

பொழுதுபட்டால் கனன் பின்தங்கும். சூமை நீட்ட நீட்ட அதன் துளை விறுவிறென்று சுருங்கி 105 இல் எஃப் 4.9 ஆகிவிடும். எல்எக்ஸ்3 தன் நீளமுனையிலும் எஃப் 2.8. மூன்று மடங்கு ஒளி. ஒன்று செக்கனில் முப்பதில் ஒரு பங்கில் எடுப்பதை மற்றது பத்தில் ஒரு பங்கில் எடுக்க வேண்டும். கை நடுக்கத்தை இரண்டும் தாங்கும். சப்பறத்தின் முன்னே ஆடுபவரின் அசைவை எதுவும் தாங்காது. புகை படிந்த குசினியில் அடுப்பு வெளிச்சத்தில் பிட்டு அவிக்கும் ஆச்சியை எடுக்க எல்எக்ஸ்3 தான் வேண்டும். அதன் பிளாஷ் விரலால் தட்டித் திறந்தால்தான் எழும் என்பதும் நல்ல குணம். எஸ்95 இன் பிளாஷ் மோட்டாரில் எழும். எழும் இடம் இடக்கை விரல் பிடித்திருக்கும் மூலை.

நடுப்பகல் இரண்டுக்கும் எதிரி. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இரண்டிலும் இல்லை. பன்னிரண்டு மணி வெயிலில் சுண்ணாம்புச் சுவரின் முன் நின்றால் திரையில் தெரிவது எடுப்பவரின் முகந்தான். எல்எக்ஸ்3 இன் தலையில் பிளாஷ் பொருத்தும் சப்பாத்து இருப்பதால், 24 மி.மீ. க்கென்று பனசோனிக் விற்ற கண்ணாடித் துவாரத்தை அதில் செருகலாம். முன்னால் ஒரு குழாய் பூட்டி 46 மி.மீ. வடிகட்டியும் போடலாம், கடல்நீரின் பளபளப்பைக் குறைக்க அது உதவும். எஸ்95 இல் இதற்கெல்லாம் வழியில்லை. வீடியோ இரண்டிலும் 720 வரிகள், செக்கனுக்கு 24 சட்டகம். விளக்கோ சூரியனோ உள்ளே வந்தால் சீசீடியின் நெடுங்கோடு ஒன்று திரையைக் கிழிக்கும். அதோடு அந்தக் கதை முடிந்தது.

பற்றரிக் கணக்கில் எல்எக்ஸ்3 க்கு 380 படம், எஸ்95 க்கு 200. குறிகட்டுவானில் காலையில் படகேறி நெடுந்தீவுக்குப் போய், பவளக்கல் வேலிகளையும் பெருக்குமரத்தையும் மட்டக்குதிரைகளையும் பார்த்துத் திரும்பும் ஒரு நாளுக்கு எஸ்95 காரர் இரண்டாவது பற்றரி கொண்டுபோக வேண்டும்.

இரு நிறுவனங்களும் ஒன்றன் பலத்தை மற்றது பார்த்துக்கொண்டே இருந்தன. 2010 இல் வந்த எல்எக்ஸ்5, சூமை 90 வரை நீட்டியது. 2011 இல் வந்த எஸ்100, 24 இல் தொடங்கியது. 2012 இல் சொனி ஓரங்குலச் சென்சரோடு ஆர்எக்ஸ்100 ஐக் கொண்டுவந்ததும் இந்த அளவுச் சென்சர்களின் காலம் ஏறத்தாழ முடிந்தது. படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பதானால், குடாநாட்டின் தெருவுக்கும் வீட்டுக்கும் வெளிக்கும் எல்எக்ஸ்3 மேல். ஆனால் சைக்கிளில் சந்தைக்குப் போகிறவர் அதைப் பெரும்பாலும் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். தினமும் கூட வருவது எஸ்95; அந்த ஒரு காரணத்துக்காக அதை முதலில் வாங்குவதில் தவறில்லை.

இன்று இரண்டையும் பழையதாகத்தான் வாங்கலாம். மணற்காட்டின் மணலும் காங்கேசன்துறையின் உப்புக்காற்றும் உள்ளிழுக்கும் லென்சுகளுக்கு ஆகாதவை. இரண்டிலும் தூசிக்குத் தடுப்பு இல்லை. வாங்குமுன் எஃப் 8 இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துத் திரையில் பெருப்பித்துப் பார்த்தால், சென்சரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். லென்சைப் பத்துத் தரம் வெளியே விட்டு உள்ளே எடுத்து, கரகரப்பு உண்டா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். எஸ்95 இல் மூடித் தகடுகள் முழுதாகத் திறக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அதன் லென்ஸ் ஒருதரம் இறுகிவிட்டால் திருத்தும் கூலி கமராவின் விலையைத் தாண்டும். எல்எக்ஸ்3 இல் பெரும்பாலும் தொலைந்திருப்பது மூடி. அதற்குப் புதிதாக ஒன்று சொற்ப விலைக்குக் கிடைக்கும்.