கடிகாரம் நடத்தும் போர்

வீடியோ விளையாட்டு ஆடுவோர் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆடிய விளையாட்டுக்குத் தாமே ஒரு பகுதியை அமைத்துப் பார்த்தவர்கள் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர், முற்றிலும் புதியவர், அமைத்த விண்வெளிப் போர்ப் பணி ஒன்றை இங்கே ஆராய்வோம். முதல் முயற்சி ஆதலால் அவர் பெயர் வேண்டாம்; குறைகளையும் சொல்லப் போகிறோம் அல்லவா?

விளையாட்டு, 1999-இல் வெளிவந்த ஃப்ரீஸ்பேஸ் 2. உருவாக்கியது அமெரிக்காவின் வொலிஷன் நிறுவனம். ஆடுபவர் ஒரு சிறு போர்க்கலத்தை ஓட்டுவார். ஒவ்வொரு பணியிலும் அவருக்கு ஒரு கடமை உண்டு. புதிய பணிகளை அமைப்பதற்கென ‘ஃப்ரெட்’ என்னும் நிரலையும் விளையாட்டுடனே கொடுத்தார்கள். பிறர் செய்த விளையாட்டில் கைவைப்பது இத்துறையில் பழைய வழக்கம்தான். 1962-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசல் முதலியோர் பிடிபி-1 கணிப்பொறியில் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டுக்கு மெய்யான விண்மீன் படத்தைச் சேர்த்தவர் பீட்டர் சாம்சன். நடுவில் ஈர்ப்பு விசையுள்ள சூரியனை வைத்தவர் டான் எட்வர்ட்ஸ்.

நம் புதியவரின் பணி இது: மூன்று சரக்குக் கலங்கள் வேறொரு விண்மீன் மண்டலத்துக்குத் தாவும் இடத்தை அடையவேண்டும். நீங்களும் மூன்று தோழர்களும் காவல். 60-ஆவது வினாடியில் நான்கு பகைக்கலங்கள் வருகின்றன, 120-இல் இன்னும் நான்கு, 180-இல் ஆறு.

முதல் முறை, வந்த நான்கையும் அரை நிமிடத்தில் வீழ்த்திவிட்டு வேலையின்றிச் சுற்றிக்கொண்டிருந்தேன். மறுமுறை ஒரு சோதனை செய்தேன். மற்றவை எல்லாம் முன்போலவே இருக்க, ஒன்றை மட்டும் மாற்றினேன்: தோழர்களுக்கும் தாக்க வேண்டாம் என்று கட்டளையிட்டு, நானும் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஒதுங்கி நின்றேன். அப்போதும் குறித்த வினாடியில் இரண்டாம் அணி வந்தது. அதோடு, “முதல் அணியை ஒழித்துவிட்டீர்கள், சபாஷ்!” என்று தலைமைக் கலத்திலிருந்து பாராட்டும் வந்தது. ஒழிந்துபோனதாகச் சொல்லப்பட்டவர்கள் என் கண்ணெதிரே சரக்குக் கலங்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்!

காரணம் எளிது. ஃப்ரெட்டில் ஒவ்வொரு கலத்துக்கும் ‘எந்த நிலையில் வரவேண்டும்’ என்ற நிபந்தனை உண்டு. புதிய கலம் ஒன்றை வைத்தவுடன் அந்த இடத்தில் ‘உண்மை’ என்று இருக்கும். அதாவது, எப்போதும் நிறைவேறிய நிபந்தனை. நம்மவர் அதைத் தொடாமல், காலதாமதத்தை மட்டும் நிரப்பியிருக்கிறார். பணி முழுவதும் கடிகாரத்தின் கையில் போய்விட்டது. ஆடுபவர் சுட்டாலும் ஒன்றே, சுடாவிட்டாலும் ஒன்றே என்றால் அவரை எதற்காகக் கலத்தில் உட்காரவைத்தோம்?

‘முதல் அணி அழிந்து 10 வினாடி ஆனதும் வருக’ என்று எழுதினால் போதுமா? போதாது என்பதே இதில் சுவையான செய்தி. பகைக்கலம் ஒன்று எங்கோ தொலைவில் அகப்படாமல் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டாம் அணி வரவே வராது. பணி அந்தரத்தில் நின்றுவிடும். ஆகவே, ‘அணி அழிந்திருக்கவேண்டும், அல்லது 200 வினாடி கடந்திருக்கவேண்டும்’ என இரு கிளைகளை ‘அல்லது’ கொண்டு இணைப்பார்கள். பள்ளியில் இரண்டு சுவிட்சுகளைப் பக்க இணைப்பில் பொருத்தி விளக்கை எரியவைத்தவர்களுக்கு இது புதிதன்று. கடிகாரத்துக்கும் இங்கே இடம் உண்டு, ஆனால் கடைசிக் காவலாக மட்டுமே.

குறையை மட்டும் சொன்னால் முறையாகாது. மூன்றாம் அணியை அவர் சரக்குக் கலங்களின் மறுபுறத்திலிருந்து வரவிட்டிருக்கிறார். முன்னால் இருப்பதைக் காப்பதா, பின்தங்கியதைக் காப்பதா என்று ஒரு கணம் திகைத்தேன். அந்த ஒரு கணத்துக்காகவே பணியை மீண்டும் ஆடலாம். இது அனுபவசாலிகளுக்கும் எளிதில் வராத யோசனை.

எஞ்சினை அணைத்தால் கலம் நின்றுவிடுகிறதே, நியூட்டனின் முதல் விதி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தப் பழி புதியவரைச் சாராது. அது மூல விளையாட்டின் ஏற்பாடு. ஸ்பேஸ்வாரில் கலங்கள் 1962-லேயே விதிப்படி மிதந்துகொண்டே இருந்தன.

உரையாடல்கள் மிகுதி. தொடக்கத்தில் அரை நிமிடத்துக்குள் ஏழு செய்திகள்! எதையும் படித்து முடிக்க முடியவில்லை, பாதியை வெட்டலாம்.

முடிவுரையிலும் அதே நோய். ஒரு சரக்குக் கலம் தப்பினாலும் மூன்றும் தப்பினாலும் ஒரே வாழ்த்துத்தான் வருகிறது. ஃப்ரெட்டில் முடிவுரைக்கும் நிபந்தனை வைக்கலாம். ஒன்று தப்பியதற்கு ஒன்று, மூன்றும் தப்பியதற்கு ஒன்று, எதுவும் தப்பாததற்கு ஒன்று என மூன்று பத்திகள் எழுதினால் தீர்ந்தது. ஒரு மாலைப்பொழுதின் வேலை. அடுத்த பதிப்பில் அவர் இங்கிருந்தே தொடங்கலாம்.