நந்தனைச் சுட்ட நெருப்பு

தோல் தீட்டு! தொட்டவன் தீட்டு! ஆனால் அந்தத் தோலில் எழும் தாளம் மட்டும் தெய்விகம்! இந்த விந்தையை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குழியில் கால் வெந்து உழைப்பவன், பளபளக்கும் காலணி அணிந்த கனவான் தன்னைக் கண்டு மூக்கைப் பொத்துவதை அறிவான். அவன் கண்கொண்டு ஓர் இசைப் படைப்பைப் பார்ப்போம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பார்ப்போம்.

நாகைக்கு அருகே நரிமணத்தில் பிறந்து, ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயவரத்திலும் வாழ்ந்து, 1896-இல் மறைந்தவர் பாரதியார். தெலுங்குக் கீர்த்தனைகள் இசையரங்கை ஆண்ட காலத்தில் தமிழில் பாடினார். இராகத்தோடு நொண்டிச் சிந்தையும் கண்ணியையும் கலந்தார். வித்துவானும் சுவைத்தார், பாமரனும் சுவைத்தான். பிழை கண்டு சிறப்புப் பாயிரம் தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே, பாரதியார் பாடக் கேட்டு உருகிக் கொடுத்தார் என்பார் அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர்.

பாராட்டுவதில் நாம் கருமியாக வேண்டாம். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் நந்தன் யார்? பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கோயில்களுக்குக் கொடுத்தவன். அவனை அடக்கியாளும் ஆண்டை அங்கே இல்லை. காவிரிப் படுகையில் வாழ்ந்த பாரதியாரோ ஒரு வேதியரைப் படைத்தார். நந்தனை அவருக்குப் பண்ணையாளாக்கினார். தில்லைக்குப் போக விடை கேட்டவனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று சொல்ல வைத்தார். அந்தணர் குலத்தில் பிறந்தவர், அந்தணரையே ஆண்டையாக நிறுத்திக் காட்டினார். துணிவுதான்!

அந்தத் துணிவு எங்கே நின்றுவிட்டது? விடுதலை வந்த வழியைப் பாருங்கள். ஒரே இரவில் தெய்வ அருளால் பயிர் விளைந்ததாம்! வேதியர் மனம் மாறினாராம்! பண்ணையடிமை முறை மாறிற்றா? இல்லை. சேக்கிழார் சொன்ன தீயையும் பாரதியார் அணைக்கவில்லை. நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகே நந்தனுக்குத் தில்லையில் வழி. கதவு மாறவில்லை, மனிதன் மாற வேண்டியதாயிற்று.

அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கிற்று. கொடுத்தவன்தான் வெந்தான்! இன்றும் நந்தன் பாடல் அரங்கேறுகையில் பக்கத்தில் மிருதங்கம் ஒலிக்கிறது. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் சேர்ந்த கருவி அது. வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் உண்டு. தோலை வெட்டி, வாரிழுத்துக் கட்டியவர் பெயர் உண்டா?

இது பழங்கதை என்பீரா? 2015 சனவரி 31 அன்று, நம் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கிடந்த 10 பேர் மாண்டனர். அவர்கள் சோதியில் கலந்தார்கள் என்று எவரேனும் பாடினால் ஒப்புவோமா? நந்தன் முடிவை மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

பாரதியாரின் இசை வாழட்டும்! அந்தப் பண்களைப் பாடுவோம், பரப்புவோம். பாடி முடித்ததும் ஒரு கேள்வியை உரக்கக் கேட்போம்: நெருப்பில் இறங்கியிருக்க வேண்டியவன் நந்தனா? அவனை வாயிலில் நிறுத்திய வழக்கமா?