ஐந்தை இரண்டால் வகுத்தால்

மலைமேல் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று நிச்சயிப்பது அனுமானம் என்றும், நம்பத்தக்க ஒருவன் நெருப்பைக் கண்டேன் என்று சொல்லக் கேட்டு ஏற்பது ஆப்தவாக்கியம் என்றும் தர்க்க சாஸ்திரிகள் பிரித்து வைத்தார்களே, அந்தப் பிரிவின் ருசி எனக்குச் சரியாகப் பிடிபட்டது, கம்ப்யூட்டரின் பிராசஸரைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்கும் பழைய புரோகிராம்களை வரிவரியாகப் படித்தபோதுதான்.

இன்றைக்கு அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வரி போதும். லினக்ஸில் எல்எஸ்சிபியு என்று தட்டினாலும், விண்டோஸின் பவர்ஷெல்லில் வின்32 பிராசஸர் என்ற தலைப்பைக் கேட்டாலும், பெயர், வேகம், கோர்களின் எண்ணிக்கை எல்லாம் ஜாதகம் போல வந்து விழும். சௌகரியந்தான், ஆனால் ரசிப்பதற்கு அதில் அதிகமில்லை.

ரசிக்கத்தக்கது, சில்லு ஊமையாக இருந்த காலத்து யுக்தி. இன்டெல் 1978-ல் வெளியிட்ட 8086-ம் அடுத்த ஆண்டு வெளியிட்ட 8088-ம் ஒரே கட்டளைகளை ஏற்பவை. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் ஒரே விடையைத் தருபவை. இவ்விரட்டையரை வெறும் புரோகிராமைக் கொண்டு பிரித்தறிவது எப்படி? அடுத்து வேண்டிய கட்டளைகளை முன்கூட்டியே நினைவகத்திலிருந்து எடுத்து வரிசையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இரண்டுக்கும் உண்டென்றாலும், முன்னதன் வரிசை 6 பைட் கொள்ளும், பின்னதன் வரிசை 4 பைட்டோடு நின்றுவிடும் என்ற நுட்பமான பேதத்தை ஒருவர் பற்றிக்கொண்டார். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தனக்குச் சற்று முன்னே, அந்த நாலுக்கு அப்பாலும் ஆறுக்கு உள்ளேயும் இருக்கும் தன் சொந்தக் கட்டளையொன்றை நினைவகத்தில் தானே மாற்றி எழுதிவிடும். சமையற்கட்டில் பாயசத்தை மாற்றிவிட்டால், இலையில் ஏற்கெனவே பாயசம் விழுந்துவிட்டவன் பழையதையே உண்பான், இன்னும் பரிமாறப்படாதவன் புதியதை உண்பான் அல்லவா? பழைய கட்டளை நடந்தேறினால் 8086. புதியது நடந்தேறினால் 8088. கேள்வியே கேட்காமல் பதிலை வாங்கிவிட்ட இந்தச் சாமர்த்தியத்தை நான் எத்தனை முறை நினைத்தாலும் அலுப்பதில்லை.

பின்னால் வந்தவற்றுக்கு இவ்வளவு சிரமம் வேண்டியிருக்கவில்லை. சில்லு தன் நிலையைக் குறித்துவைக்கும் ஃபிளாக் ரிஜிஸ்டரில் 18-ஆம் பிட் மாற்றினால் மாறுகிறதா, மாறாமல் அடம்பிடிக்கிறதா என்று பார்த்தே 486-ஐ 386-இலிருந்து பிரித்தார்கள்.

ஆனால் இந்தக் கலையின் சிகரம் என்று நான் கருதுவது சைரிக்ஸ் சில்லுக்கு வைத்த பரீட்சையை. இன்டெலின் 486-க்குப் போட்டியாக அதே கட்டளைகளை ஏற்று நடந்த சைரிக்ஸை எப்படி இனங்காண்பது? ஐந்தை இரண்டால் வகுக்கச் சொன்னார்கள். ஈவு இரண்டு, மீதி ஒன்று. அதிலே யாருக்கும் வித்தியாசமில்லை, அந்த விடையை யாரும் பார்க்கவுமில்லை. வகுத்தல் முடிந்தபின் ஃபிளாக்குகள் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று இன்டெலின் கையேடு கைவிரித்திருந்தது. அந்த உத்தரவாதமற்ற மூலையில், மற்ற 486-கள் ஃபிளாக்குகளைக் கலைத்துவிட, சைரிக்ஸ் மட்டும் வைத்தது வைத்தபடி விட்டுவைத்தது. கணக்கைத் திருத்தாமல், கணக்குப் போட்டவன் மேஜையைக் கலைத்தானா என்று பார்த்து ஆளைக் கண்டுபிடித்ததற்கு ஒப்பானது இது.

1993-ல் பென்டியத்தோடு சிபியுஐடி என்ற கட்டளை வந்தது. ஊமைக்கு வாய் வந்தது. பூஜ்யத்தைக் கொடுத்துக் கேட்டால், மூன்று ரிஜிஸ்டர்களில் நாலு நாலு எழுத்தாக, ஆங்கிலத்தில் 12 எழுத்துகளில் தன் குலப்பெயரைச் சொல்லும். அவற்றை இபிஎக்ஸ், இடிஎக்ஸ், இசிஎக்ஸ் என்ற வரிசையில் கோக்க வேண்டும். அகரவரிசைதானே என்று நம்பி இசிஎக்ஸை நடுவில் வைத்தவருக்கு ‘ஜெனுயின் இன்டெல்’ என்பது ‘ஜெனுன்டெல்யின்இ’ என்று உளறிக்கொண்டு வரும். அந்த 12 எழுத்திலும் ஹாஸ்யத்துக்கு இடம் கண்டவர்கள் உண்டு: சைரிக்ஸ் தன்னை ‘சைரிக்ஸ் இன்ஸ்டெட்’, அதாவது அதற்குப் பதில் சைரிக்ஸ், என்று சொல்லிக்கொண்டது, ஏஎம்டியின் கே5 சில்லின் ஆரம்ப மாதிரிகளோ ‘ஏஎம்டியே மேல்!’ என்று ஆங்கிலத்தில், ஆச்சரியக்குறியோடு, முழங்கின. சந்தைக்கு வந்தபோது அந்த முழக்கம் அடங்கிவிட்டது. எனக்கு அதில் சிறிது வருத்தந்தான்.

ஆயினும் ஆப்தவாக்கியம் ஆப்தனை நம்பியது. மெய்நிகர் கம்ப்யூட்டருக்குள்ளே ஓடும் புரோகிராம் சிபியுஐடி கேட்டால், பதிலை வடிவமைப்பது சில்லன்று. நடுவே அமர்ந்திருக்கும் ஹைப்பர்வைசர். தான் விரும்பிய பெயரைச் சொல்ல அதனால் முடியும். இந்த இடத்தில் பழைய அனுமானமே திரும்ப வந்து கைகொடுக்கிறது: கேள்வி கேட்ட கணத்தையும் பதில் வந்த கணத்தையும் சில்லின் சொந்தக் கடிகாரத்திலேயே குறித்துக்கொண்டு கழித்துப் பார்க்கிறார்கள். நேரே பதில் வந்தால் குறைந்த சுழற்சிகளே ஆகும். ஹைப்பர்வைசர் குறுக்கே வந்து பதில் சொன்னால் அதைப்போலப் பல மடங்கு ஆகும். சொன்ன பதிலைவிடச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் நம்பத்தக்க சாட்சியாகிவிடுகிறது.

இருந்தாலும் முதல் ஸ்தானம் யாருக்கென்று கேட்டால் அந்த வகுத்தல் கணக்குக்கே கொடுப்பேன். சைரிக்ஸ் நிறுவனம் 1997-ல் நேஷனல் செமிகண்டக்டரின் கைக்குப் போயிற்று. ஐந்தை இரண்டால் வகுத்துப் பார்க்கும் அந்தச் சில வரிகள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் லினக்ஸின் கெர்னலில் இருந்துவந்தன.