காரட் 18, உருளைக்கிழங்கு 48

கோத்தகிரி மார்க்கெட்டில் காரட், கோஸ், பீட்ரூட் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் குவித்து வைத்திருப்பார்கள். மூன்றுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. விலையில் இல்லை. ஒவ்வொன்றின் செல்லிலும் 18 குரோமோசோம். உருளைக்கிழங்குக்கு 48. வாங்கப் போகிற நமக்கு 46தான்!

இந்த எண்களுக்கென்றே ஒரு புத்தகம் 1945-ல் இங்கிலாந்தில் வந்தது. 'குரோமோசோம் அட்லஸ் ஆஃப் கல்டிவேட்டட் ப்ளான்ட்ஸ்'. எழுதியவர்கள் இருவர். ஒருவர் டார்லிங்டன். இன்னொருவர் இ.கே.ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, இதோ மலைக்குக் கீழே கோவையில் கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்து பார்த்த அதே அம்மாள்தான்.

படிக்க சுவாரஸ்யமா என்றால், டெலிபோன் டைரக்டரி அளவுக்கு. செடியின் பெயர், எண், பூர்வீகம், உபயோகம், அடுத்த செடி. ஆனால் எண்களை உற்றுப் பார்த்தால் கதை கிடைக்கும். கோத்தகிரியைச் சுற்றிப் பச்சையாக விரிந்திருக்கிறதே தேயிலை, அது கமீலியா ஜாதி, எண் 30. அதே ஜாதியில் சசான்குவா என்றொரு பூச்செடிக்கு 90. கமீலியாவுக்கு ஒரு செட் என்பது 15. தேயிலையிடம் இரண்டு செட், சசான்குவாவிடம் ஆறு. செட் செட்டாகப் பெருகித்தான் பல செடிகள் புதுசாகியிருக்கின்றன. அம்மாள் பிற்பாடு கமீலியாக்களைத் தனியாகவே ஆராய்ந்தார்.

என் குறை, அட்லஸ் என்று பேர் வைத்துவிட்டு எண்ணோடு நிறுத்திக்கொண்டது. காரட்டின் 18 வேறு, கோஸின் 18 வேறு. வித்தியாசம் தெரிய கேரியோடைப் வேண்டும். வேர் நுனியைக் கிள்ளி, செல் பிரிகிற நேரத்தில் மருந்து போட்டு நிறுத்தி, சாயமேற்றி, கண்ணாடியில் நசுக்கி, படமெடுத்து, குரோமோசோம்களைக் கத்தரித்து உயரவாரியாக ஜோடி ஜோடியாக நிறுத்துவது. ஸ்கூல் க்ரூப் போட்டோ மாதிரி. எண் வெறும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்.

இதை மன்னித்துவிடலாம். அந்த வருஷம் மனிதனுக்கே 48 என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 46 என்று ஜியோவும் லெவானும் திருத்தியது 1956-ல். எண்ணுவதே அத்தனை சிரமம்.

மன்னிக்க மனசு வராதது வேறு. 1955-ல் பெயரை மாற்றி, 'ஃப்ளவரிங் ப்ளான்ட்ஸ்' என்று இரண்டாம் பதிப்பு வந்தது. ஆசிரியர்கள் டார்லிங்டன், வைலி. ஜானகி அம்மாள் பெயர் போயே போச்சு! அவர் 1951-லேயே இந்தியா திரும்பிவிட்டார், வாஸ்தவம். ஊருக்குப் போனவரின் உழைப்புமா ஊருக்குப் போய்விடும்?

லைப்ரரியில் தேடினால் 1945 பதிப்பாகக் கேளுங்கள்.